வீட்டிற்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஓர் அறை



 உங்களில் சிலர் எழுதும் கடிதங்களில் திரும்பத் திரும்ப ஒரு கேள்வி வருகிறது. "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, டிஸ்சார்ஜும் ஆகிவிட்டது என்கிறீர்கள். பிறகு எதற்காக அறை வாடகைக்கென்று உதவி தேவைப்படுகிறது? வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாமே?"

நியாயமான கேள்விதான். நோயாளிகளும் இதையேதான் கேட்கிறார்கள். "ஏனுங்க அய்யா, தையல் போட்டாச்சு, கஞ்சியும் குடிக்கிறாரு. இனி ஊட்டுக்குப் போனா ஆகாதுங்களா?" இந்தக் கேள்விக்குப் பதிலை இந்த இதழில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

டிஸ்சார்ஜ் என்றால் என்ன?

டிஸ்சார்ஜ் சீட்டு கையில் வந்தவுடன் "குணமாகிவிட்டது" என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். டாக்டர்கள் அதைச் சொல்லும் பொருள் வேறு. "இனி இவருக்கு இருபத்துநாலு மணி நேரமும் நர்ஸ் பக்கத்தில் இருக்கத் தேவையில்லை" என்பதே அதன் பொருள். காயம் ஆறுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

சாதாரண அறுவை சிகிச்சையில் தோலில் போட்ட தையலைப் பிரிக்கவே 7 முதல் 14 நாட்கள் ஆகும். காயத்தில் சீழ் வைப்பதானால் அது பெரும்பாலும் ஆபரேஷன் நடந்த அன்றோ மறுநாளோ வருவதில்லை. சில நாட்கள் கழித்து, நோயாளி வார்டை விட்டுப் போன பிறகே பலருக்கு வருகிறது. அதனால்தான் மருத்துவ உலகில் ஆபரேஷன் காயத்தை 30 நாட்கள் வரை கண்காணிக்க வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். உடலுக்குள் செயற்கை மூட்டு போன்ற பொருள் வைத்திருந்தால் அந்தக் கணக்கு 90 நாட்கள் வரை நீளும்.

நெஞ்சைத் திறந்து செய்யும் இருதய ஆபரேஷனில் மார்பெலும்பை அறுத்து, முடிந்தபின் கம்பியால் கட்டுகிறார்கள். அந்த எலும்பு கூடிவர 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதுவரை குடம் தூக்கக் கூடாது, இருசக்கர வண்டி ஓட்டக் கூடாது. உலோக வால்வு வைத்தவர்களுக்கு இரத்தம் உறையாதிருக்க மாத்திரை கொடுப்பார்கள். அந்த மாத்திரை கொஞ்சம் கூடினால் இரத்தக்கசிவு, கொஞ்சம் குறைந்தால் வால்வில் இரத்தக்கட்டி. ஆகவே ஆரம்ப வாரங்களில் அடிக்கடி இரத்தம் சோதித்து அளவை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்கு இன்னும் கடினம். புதிய சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாதபடி மருந்து கொடுக்கிறார்கள். அந்த மருந்தே நோய்க்கிருமிகளை எதிர்க்கும் பலத்தையும் குறைத்துவிடுகிறது. முதல் மூன்று மாதங்கள் வாரத்தில் இரண்டு, மூன்று முறை கூட ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் கொடுக்கவேண்டி வரும்.

புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து கதிர்வீச்சு சிகிச்சை பெறுகிறவர்களைப் பாருங்கள். வாரத்தில் ஐந்து நாள், ஐந்தாறு வாரங்கள் தொடர்ந்து போகவேண்டும். ஒவ்வொரு நாளும் இயந்திரத்தின் கீழ் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான். அதற்காக வார்டில் படுக்கை கொடுக்கமாட்டார்கள். மீதி இருபத்துமூன்றரை மணி நேரமும் அவர் எங்கே இருப்பார்?

எல்லா ஆபரேஷனுக்கும் இப்படியில்லை என்பதையும் சொல்லவேண்டும். கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவர் மறுநாள் கட்டை அவிழ்த்துப் பார்த்ததும் பெரும்பாலும் வீடு திரும்பலாம். பிறகு சொன்ன தேதிகளில் வந்து காட்டினால் போதும். ஆகவே அறை யாருக்குத் தேவை, எத்தனை நாளைக்குத் தேவை என்பதை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

நம் பக்கத்து நிலைமை

காரமடை மேட்டுப்பாளையம் ரோட்டின்மேல் இருக்கிறது. இங்கிருந்து கோவைக்கு பஸ்ஸும் உண்டு, மேட்டுப்பாளையம் ரயிலும் உண்டு. ஊருக்குள் இருப்பவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒரு மணி நேரப் பயணம்தான். ஆனால் காரமடையைத் தாண்டி வருகிறவர்கள் யார்? வெள்ளியங்காட்டுக்கு மேலே பில்லூர் பக்கத்து இருளர் பதிகளிலிருந்து வருகிறார்கள். முள்ளி, கெத்தை வழியாக மஞ்சூரிலிருந்து 43 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வருகிறார்கள். குன்னூர், கோத்தகிரி மலைகளிலிருந்து இறங்கி வருகிறார்கள்.

வயிற்றில் தையலோடு ஒருவரை அந்த வளைவுகளில் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் உடம்பு சாயும், தையல் இழுக்கும். அப்படியும் வீடு போய்ச் சேர்ந்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் அடிக்கிறது. கட்டு நனைந்திருக்கிறது. கடைசி பஸ் போய்விட்டது. இந்த நிலையில் ஒரு குடும்பம் செய்வது என்ன? விடியட்டும் என்று காத்திருப்பார்கள். அந்த ஓர் இரவில் சாதாரண சீழ் உயிருக்கு ஆபத்தான நிலைமையாக மாறிவிடக்கூடும். ஆஸ்பத்திரிக்கு எதிர்த் தெருவில் ஓர் அறை இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் டாக்டர் பார்த்திருப்பார்.

டாக்டர் "பத்து நாள் பக்கத்திலேயே இருங்கள்" என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இன்று அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டம் ஏழைகளுக்குப் பெரிய ஆசீர்வாதமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2009-ல் தொடங்கிய இந்த ஏற்பாடு, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடந்துவருகிறது. முன்பு நிலத்தை விற்றுச் செய்த ஆபரேஷன்களை இன்று கூலிவேலை செய்பவரும் செய்துகொள்ள முடிகிறது. ஆனால் டிஸ்சார்ஜுக்குப் பிறகு வெளியே எடுக்கும் அறை வாடகையை அந்த அட்டை கட்டுவதில்லை. துணைக்கு இருப்பவரின் சாப்பாட்டையும், அவர் இழக்கும் கூலியையும் அது தருவதில்லை. நாள் வாடகை 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரக் கதிர்வீச்சுக்கு 42 நாள், 21,000 ரூபாய். பெரிய செலவை ஏற்க ஒரு திட்டம் இருந்தும், இந்தச் சிறிய செலவுக்கு வழியில்லாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டுப் போகிறவர்கள் உண்டு.

சத்திரம் என்னும் பழைய தர்மம்

நல்ல சமாரியன் உவமையை ஞாயிறு பள்ளியிலிருந்தே கேட்டுவந்திருக்கிறோம். அவன் காயங்களைக் கட்டினதை நாம் அதிகம் பேசுகிறோம். கட்டினபிறகு அவன் செய்ததையும் லூக்கா எழுதிவைத்திருக்கிறார். காயப்பட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றி ஒரு சத்திரத்துக்குக் கொண்டுபோனான். மறுநாள் புறப்படும்போது சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிப்பணம் கொடுத்தான். அந்தக் காலத்தில் அது ஏறக்குறைய ஒரு கூலியாளின் இரண்டு நாள் சம்பளம். மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொல்லிப்போனான். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்ததோடு அவன் உதவி முடிந்திருந்தால் அந்த மனிதன் வழியோரத்தில்தான் கிடந்திருப்பான். காயம் ஆறுவதற்கு ஓர் இடமும், கவனிக்க ஓர் ஆளும், சில நாட்களும் வேண்டும் என்பதை அந்தச் சமாரியன் அறிந்திருந்தான்.

ஆஸ்பத்திரி என்ற சொல்லே இதற்குச் சாட்சி. விருந்தாளியைக் குறிக்கும் பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. நான்காம் நூற்றாண்டில் செசரியா நகரத்துப் பேராயராயிருந்த பசிலியு, நகரத்துக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கருக்கும் குஷ்டரோகிகளுக்கும் தங்குமிடங்களைச் சேர்த்தே கட்டினார். வைத்தியமும் தங்குமிடமும் அங்கே ஒரே வளாகத்துக்குள் இருந்தன.

நம் தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, மிஷனெரி ஷ்வார்ட்ஸ் ஐயரின் கண்காணிப்பில் கல்வி கற்றவர். 1801-ல் அவர் பிரிட்டிஷ் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் தம் ராஜ்யத்துச் சத்திரங்களைப்பற்றி விவரித்தார். வழியில் நோய்ப்பட்ட பயணிகளுக்கு அங்கே வைத்தியரும் மருந்தும் ஏற்ற ஆகாரமும் உண்டு. குணமாகும் வரை அவர்கள் கவனிக்கப்படுவார்கள் என்று தெரிவித்தார். "குணமாகும் வரை" என்பதுதான் இங்கே நாம் கவனிக்கவேண்டியது.

வேலூர் கற்றுத்தந்த பாடம்

கோவையில் முடியாத சில சிகிச்சைகளுக்கு நம் பக்கத்திலிருந்தும் ஆட்கள் ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். 1900-ல் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே படுக்கையோடு தொடங்கிய மருத்துவப் பணி அது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்று ஆபரேஷன் 1971-ல் அங்கேதான் நடந்தது. 1986 முதல் எலும்பு மஜ்ஜை மாற்றும் சிகிச்சையும் நடக்கிறது. மஜ்ஜை மாற்றியவர்கள் முதல் 100 நாட்களாவது ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் இருப்பது நல்லது.

இப்படிப்பட்ட நோயாளிகளுக்காகவே அந்த ஆஸ்பத்திரியைச் சுற்றி ஒரு தனி ஊரே எழும்பியிருக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நடந்துபோனால் லாட்ஜ் போர்டுகளில் வங்காள எழுத்தைக் காணலாம். வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வந்தவர்கள் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் அங்கே தங்குகிறார்கள். அடுப்பு, பாத்திரத்தோடு அறை வாடகைக்குக் கிடைக்கிறது. தங்கள் ஊர் மீன்குழம்பைத் தாங்களே சமைத்துக்கொள்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் ஒரு நோயாளி தெம்பு பெறுவதற்கு இப்படிப்பட்ட சிறு காரியங்களும் துணைசெய்கின்றன.

ஆனால் தங்குமிடத்தைக் குறித்து வேலூர் கற்றுத்தந்த மிகப் பெரிய பாடம் இன்னும் பழையது. டாக்டர் பால் பிராண்ட் 1940-களின் கடைசியில் குஷ்டரோகத்தால் மடங்கிப்போன கைகளை ஆபரேஷன் செய்து நிமிர்த்தத் தொடங்கினார். உலகமே வியந்த காரியம் அது. ஆனால் சில நாள் கழித்து நோயாளிகள் மனமுடைந்து திரும்பி வந்தார்கள். கை நேரானபடியால் யாரும் பிச்சை போடவில்லை. முகத்திலும் உடலிலும் நோயின் தழும்பு இருந்தபடியால் யாரும் வேலையும் கொடுக்கவில்லை, தங்க இடமும் கொடுக்கவில்லை. நல்ல கையோடு பட்டினி கிடந்தார்கள். ஆபரேஷன் வெற்றி, மனிதனுக்கோ வழியில்லை.

அப்பொழுது எண்பது வயதைக் கடந்த ஈட்டன் அம்மையார் என்ற மிஷனெரி தம்முடைய சேமிப்பிலிருந்து 500 பவுன் கொடுத்தார். அந்தப் பணத்தைக்கொண்டு 1951-ல் கல்லூரி வளாகத்தில் எளிய வீடுகளாக எழும்பியதுதான் நவ ஜீவ நிலையம். ஆபரேஷன் முடிந்தவர்கள் அங்கே தங்கி, கைகளுக்குப் பயிற்சி செய்து, தச்சு முதலான தொழில்களைக் கற்றார்கள். இன்னொரு நன்மையும் உண்டானது. டாக்டர் பிராண்ட் அவர்களோடு பழகி, அவர்கள் வேலை செய்யும்போது கவனித்தார். நோயால் தசை அழுகி விரல் உதிர்வதில்லை, உணர்ச்சியில்லாமல் சூட்டையும் கூர்மையையும் தொடுவதால் உண்டாகும் காயங்களே விரல்களைக் கெடுக்கின்றன என்பது அங்கே தெளிவாயிற்று. ஆபரேஷன் அரங்கில் தெரியாதது தங்குமிடத்தில் தெரிந்தது. வயதான ஒரு சகோதரி கொடுத்த காணிக்கை எவ்வளவு தூரம் போயிற்று பாருங்கள்!

அதே வேலூரில் 1957-ல் தொடங்கிய மனநல மையமும் நோயாளியோடு குடும்பத்தாரும் வந்து தங்கவேண்டும் என்பதைத் தன் வழக்கமாகக் கொண்டது. வீட்டுக்குப் போனபின் கவனிக்கப்போகிறவர்கள் அங்கேயே கற்றுக்கொள்ளட்டும் என்பதே நோக்கம். டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரியும் இதைப் புரிந்துகொண்டது. முகாமில் தேர்ந்தெடுத்த ஏழைகளுக்கு ஆபரேஷனை மட்டும் இலவசமாகச் செய்தால் போதாது என்று கண்டு, பஸ், தங்குமிடம், சாப்பாடு யாவையும் சேர்த்தே கொடுத்தார்கள். குழந்தைகளின் புற்றுநோய்க்காக 2006-ல் மும்பையில் தொடங்கிய செயின்ட் ஜூட் இல்லங்கள் இன்று சென்னை, வேலூர் உட்படப் பல நகரங்களில் குடும்பத்தோடு தங்க இலவச இடம் கொடுக்கின்றன.

அறை எப்படி இருக்கவேண்டும்?

உங்கள் சபையில் யாருக்காவது அறை பார்த்துக் கொடுக்க நேர்ந்தால் இவைகளைக் கவனியுங்கள்.

முதலாவது, தரைத்தளமாக இருக்கட்டும், அல்லது லிப்ட் இருக்கட்டும். மூன்றாவது மாடியில் வாடகை குறைவு என்று எடுத்துவிட்டுப் படியேற முடியாமல் தவிப்பவர்கள் அநேகர்.

இரண்டாவது, உட்கார்ந்து எழும்பக்கூடிய மேல்நாட்டுக் கழிப்பறை வேண்டும். இடுப்பு, முழங்கால், வயிறு ஆபரேஷன் ஆனவர்கள் குந்தி உட்கார முடியாது. குளியலறைத் தரை வழுக்கக் கூடாது.

மூன்றாவது, கட்டில் முழங்கால் உயரத்துக்கு இருக்கவேண்டும். பாயில் படுத்து எழும்புவது தையலை இழுக்கும்.

நான்காவது, காய்ச்சி ஆறவைத்த தண்ணீருக்கும் கஞ்சி வைப்பதற்கும் ஓர் அடுப்பு. ராகிக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி போன்ற பழகிய ஆகாரம் போதும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ கூடாது; நாட்டு மருந்து எதையும் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

ஐந்தாவது, வார்டு போன் நம்பரையும் தெரிந்த ஆட்டோக்காரர் நம்பரையும் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். 108 நம்பரும் அதில் இருக்கட்டும்.

அறை என்றதும் படுத்தே கிடக்கும் இடம் என்று எண்ணவேண்டாம். டாக்டர் அனுமதித்த அளவுக்கு அறைக்குள்ளும் தாழ்வாரத்திலும் அடிக்கடி நடக்கவேண்டும். படுத்தே இருந்தால் கால் நரம்பில் இரத்தம் கட்டி, அது நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு.

இவைகள் தோன்றினால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்: 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், காயத்தில் சிவப்பு அல்லது சீழ், தையல் பிரிதல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சிறுநீர் நின்றுபோதல், நிற்காத வாந்தி.

சபையார் செய்யக்கூடியவை

எல்லாராலும் கட்டடம் கட்ட முடியாது. தேவையுமில்லை. சபை வளாகத்தில் உபயோகமில்லாத ஓர் அறை இருந்தால் அதைச் சுத்தம் செய்து, வெள்ளையடித்து, இரண்டு கட்டில் போடலாம். ஒரு காஸ் அடுப்பு, நாலு பாத்திரம், பெட்பான், ஊன்றுகோல் ஆகியவற்றை ஒரு பெட்டியில் வைத்து, தேவைப்பட்ட குடும்பத்துக்கு இரவல் கொடுத்து வாங்கலாம். மாதர் சங்கத்தார் முறைபோட்டு ஒருவேளைச் சாப்பாடு கொண்டுபோகலாம். துணைக்கு இருக்கும் மனைவியோ தாயோ பல இரவுகள் தூங்கியிருக்கமாட்டார்கள். "நீங்க ரெண்டு மணி நேரம் படுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்று ஒருவர் சொன்னால், அது ஒரு பெரிய ஊழியம்.

சந்திக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கூட்டமாகப் போகாதீர்கள். பதினைந்து நிமிடத்துக்கு மேல் உட்காராதீர்கள். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் போகவே வேண்டாம். சிறுநீரகம், மஜ்ஜை மாற்றியவர்களிடம் இதில் இன்னும் கண்டிப்பாக இருங்கள். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், அவரு போயிட்டாரு" என்ற கதைகளை வாசலுக்கு வெளியே விட்டுவிட்டுப் போங்கள். சுருக்கமாக ஜெபியுங்கள். நோயாளி எந்த மதத்தவராயிருந்தாலும் அவர் விருப்பத்தைக் கேட்டுவிட்டு ஜெபியுங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. டாக்டர் இருக்கச் சொன்ன நாட்களுக்கு முன்பே குடும்பங்கள் ஏன் கிளம்பிவிடுகின்றன? பணம் மட்டும் காரணமல்ல. "மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளில்லீங்க." "கருவேப்பிலைக் காட்டுக்குத் தண்ணி உட்டு எட்டு நாளாச்சுங்க." "புள்ளைங்க தனியா இருக்குதுங்க." இவைகளே நான் அதிகம் கேட்ட காரணங்கள். வெள்ளியங்காடு பக்கத்து விவசாயி ஒருவர், இருதய ஆபரேஷன் முடிந்த எட்டாம் நாளில் மூட்டையைக் கட்டிவிட்டார். இரண்டு கறவை மாடுகள் அவருக்கு. அடுத்த தோட்டத்துக்காரர், நம் சபையைச் சேர்ந்தவருமல்ல, "அண்ணா, நான் கறந்து சொசைட்டிக்கு ஊத்திக்கறேன், நீங்க இருங்க" என்று போனில் சொன்னார். மூட்டை அவிழ்ந்தது. டாக்டர் சொன்ன நாள் முடியும்வரை தங்கி, இரத்தப் பரிசோதனைகளை முடித்துக்கொண்டு, நடந்தே பஸ் ஏறினார்.

அந்த அயலார் ஆஸ்பத்திரி வாசலைக்கூட மிதிக்கவில்லை. ஆனாலும் அந்தச் சிகிச்சையில் அவருக்கும் பங்கு உண்டு. உவமையில் வரும் சத்திரக்காரனுக்கும் பெயர் சொல்லப்படவில்லை. நீங்கள் கொடுக்கும் ஒருநாள் வாடகையும், கொண்டுபோகும் ஒரு தூக்குக் கஞ்சியும், பார்த்துக்கொள்ளும் ஒரு மாடும் அப்படிப்பட்டதே.

ஜெபக் குறிப்புகள்: ஆபரேஷன் முடிந்து ஊருக்குப் போகாமல் வாடகை அறைகளில் இருப்பவர்களுக்காக. இரவும் பகலும் துணையிருப்பவர்களின் சரீர பெலத்துக்காக. வீட்டில் தனியாய் விடப்பட்ட பிள்ளைகளுக்காகவும் முதியோருக்காகவும். நியாயமான வாடகையில் நோயாளிகளுக்கு அறை கொடுக்கும் வீட்டுக்காரர்களுக்காக.

கர்த்தருடைய கிருபை உங்களனைவரோடும் இருப்பதாக.

அவருடைய பணியில் உங்கள் ஊழியன்,
மருத்துவமனை ஆயர்,
காரமடை